டர்போல ஆயில் லீக்கா? கழட்டறதுக்கு முன்னாடி எந்த வரிசையில பாக்கணும்: முழு வழிகாட்டி

டர்போகிட்ட ஆயில் ஈரம் தெரிஞ்ச உடனே பெங்களூர்ல பாதி கேரேஜ்ல வர்ற பதில் ஒண்ணுதான், "டர்போ போயிடுச்சு சார், மாத்தணும்". சில நேரம் அது சரியாவும் இருக்கும். ஆனா புது டர்போ போட்டு கொஞ்ச நாள்லயே அதே இடத்துல அதே ஈரத்தோட திரும்பி வர்ற வண்டி நிறைய இருக்கு, ஏன்னா காரணம் டர்போவுக்கு மேலயோ கீழயோ இருந்திருக்கு, அத யாரும் பாக்கல.

பாக்கறதுக்கு ஒரு வரிசை இருக்கு. சுலபமானது, செலவில்லாதது முதல்ல, கழட்டற வேலை கடைசில. முக்கியமா டீசல் வண்டிய மனசுல வச்சு எழுதறேன், ஸ்விஃப்ட், டிசையர்ல வந்த 1.3 டீசல், வெர்னா சிஆர்டிஐ, ஸ்கார்பியோ எதா இருந்தாலும் அடிப்படை ஒண்ணுதான். டர்போ பெட்ரோல் எங்க மாறுதோ அங்க சொல்றேன்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். டர்போங்கறது ஒரு ஷாஃப்ட், ஒரு முனையில எக்ஸாஸ்ட் கேஸ் சுத்திவிடற டர்பைன் வீல், இன்னொரு முனையில இன்ஜினுக்கு காத்த அழுத்தி அனுப்பற கம்ப்ரஸர் வீல், அந்த அழுத்தம்தான் பூஸ்ட். இந்த ஷாஃப்ட்டோட ரெண்டு முனையிலயும் இருக்கற சீல் ரப்பர் கிடையாது, பிஸ்டன் ரிங் மாதிரி சின்ன ரிங், அது முழுசா அடைக்காது. ஒரு பக்கம் பூஸ்ட் காத்தும் இன்னொரு பக்கம் எக்ஸாஸ்ட் கேஸும் வெளியிலேந்து உள்நோக்கி தள்றதாலயும், உள்ள வந்த ஆயில் தேங்காம கீழ வடிஞ்சு சம்ப்புக்கு, அதாவது இன்ஜின் அடியில இருக்கற ஆயில் தொட்டிக்கு, போயிடறதாலயும்தான் ஆயில் வெளிய வராம நிக்குது. அதனால வடியற வழி அடைச்சாலோ, இன்ஜினுக்குள்ள பிரஷர் ஏறினாலோ, ஏர் ஃபில்டர் பக்கம் உறிஞ்சல் கூடினாலோ, நேத்து டப்பாவிலேந்து எடுத்த டர்போ கூட லீக் ஆகும்.

1. முதல்ல இத படிங்க: டீசல் வண்டி ஆயில குடிச்சுட்டு இருந்தா

டிப்ஸ்டிக்ல ஆயில் மளமளன்னு குறையுது, பின்னாடி நீலப்புகை தடியா வருதுன்னா வண்டிய ஸ்டார்ட் பண்ணி சோதிக்காதீங்க. டீசல் இன்ஜினுக்கு இன்டேக், அதாவது காத்து உள்ள போற வழி, வழியா இன்ஜின் ஆயில் போனா அதையே எரிபொருளா எடுத்துக்கும், சாவிய ஆஃப் பண்ணாலும் நிக்காது, ரேஸ் தானா ஏறிட்டே போகும். சாவி நிறுத்தறது டீசல மட்டும்தான், அப்போ எரியறது டீசல் இல்ல.

அப்படி ஆயிடுச்சுன்னா மேனுவல் வண்டில பிரேக்க நல்லா அழுத்தி மிதிச்சு டாப் கியர் போட்டு கிளட்ச்ச விடுங்க, திணறி நிக்கும். ஆட்டோமேட்டிக்ல காத்து போற வழிய அடைச்சாதான் நிக்கும், பலகை மாதிரி எதையாவது வச்சு அடைக்கணும், கைய வச்சு அடைக்கவே கூடாது. அதுவும் முடியலன்னா வண்டிய விட்டு தள்ளிப் போயிடுங்க. போனா இன்ஜின் போகட்டும்.

2. கைவசம் இருக்க வேண்டியது

நல்ல டார்ச், சின்ன கண்ணாடி, பிரேக் கிளீனர் ஸ்ப்ரே, பனியன் வேஸ்ட், கிளவுஸ், சாக்கெட் செட், ஹோஸ் கிளாம்ப் கழட்ட ஸ்க்ரூ டிரைவர், ரெண்டு ஜாக் ஸ்டாண்ட். வெறும் ஜாக்க நம்பி வண்டிக்கு அடியில போகாதீங்க, இதுல பேச்சே இல்ல.

ஃபோன்ல மாட்டற எண்டோஸ்கோப் கேமரா ஒண்ணு எஸ்பி ரோடுல வாங்கிக்கோங்க, டர்போ ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தடுப்பு) பக்கம் ஒளிஞ்சிருக்கற வண்டிக்கு அது இல்லாம கண்ணு எட்டாது. ஜேசி ரோடு பக்கம் போனா உங்க வண்டி மாடல், வருஷம் சொல்லி ஃபீட் பைப்ப (டர்போக்கு ஆயில் கொண்டு வர்றது) பிடிக்கற, நடுவுல ஓட்டை உள்ள பேஞ்சோ போல்ட்டோட காப்பர் வாஷர், ட்ரெய்ன் பைப் (ஆயில் கீழ வடியறது) கேஸ்கெட் ரெண்டையும் முன்கூட்டியே வாங்கி வச்சுடுங்க. முதல் தடவை பண்றவங்க எல்லாரும் தடுக்கி விழற இடம் இது. பைப்ப கழட்டி பாத்துட்டு, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கடை மூடினப்புறம் பழைய வாஷரையே திருப்பிப் போட்டு, திங்கக்கிழமை புதுசா ஒரு லீக்கோட ஆபீஸ் போவாங்க.

3. ஆயில் லெவல பாருங்க

சமதளத்துல நிறுத்தி, இன்ஜின் ஆஃப் பண்ணி பத்து நிமிஷம் கழிச்சு டிப்ஸ்டிக் எடுங்க. அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் ரேம்ப்ல நிறுத்தி பாக்கறது கணக்கில்ல.

மேக்ஸ் கோட்டுக்கு மேல இருக்கா? சர்வீஸ்ல ஒரு கேனை முழுசா கவுத்திருப்பாங்க. லெவல் ரொம்ப ஏறினா டர்போ ட்ரெய்ன் பைப்போட வாய் வரைக்கும் ஆயிலோ நுரையோ வந்துடும், மேலேந்து வர்றது இறங்க இடமில்லாம டர்போக்குள்ளயே நிக்கும். அதிகப்படியை எடுத்துட்டு சில நாள் ஓட்டி பாருங்க, பிரச்சனை அங்கயே முடிஞ்சாலும் முடியும்.

பிஎஸ்6 டீசலா இருந்தா டிப்ஸ்டிக்க மோந்தும் பாருங்க. டிபிஎஃப் (எக்ஸாஸ்ட் புகைக்கரிய பிடிக்கற ஃபில்டர்) தன்னைத்தானே சுத்தம் பண்றப்போ எக்ஸ்ட்ரா டீசல் அடிக்கும், அதுல கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியா சம்ப்புக்கு இறங்கும். வீட்டுலேந்து ஆபீஸ் அஞ்சு கிலோமீட்டர், அதுவும் ஊர்ந்து ஊர்ந்து போறவங்க வண்டில அந்த சுத்தம் பாதிலயே நின்னு நின்னு லெவல் ஏறிட்டே இருக்கும், ஆயிலும் தண்ணியாயிடும். டீசல் வாசனை தூக்கலா இருந்தா ஆயில் மாத்திட்டுதான் மேல போகணும்.

4. வெளி லீக்கா, உள் லீக்கான்னு பிரிங்க

கீழ சொட்டு, டர்போ வெளிப்பக்கம் ஈரம், எரிஞ்ச ஆயில் வாசனை, ஆனா சைலன்ஸர்ல புகை இல்ல: இது வெளி லீக். 5, 6 பாருங்க.

சொட்டு இல்ல, ஆனா ஆயில் குறையுது, நீலப்புகை வருது, இல்ல இன்டர்கூலர் (டர்போ அனுப்பற சூடான காத்த ஆத்தறது) பைப் ஜாயின்ட்ல ஆயில் கசியுது: இது உள் லீக். 7லேந்து பாருங்க.

ரெண்டும் இருந்தா வெளி லீக்க முதல்ல முடிங்க. ஈரமா இருக்கற டர்போல உள்ளேந்து வந்தது எது, மேலேந்து விழுந்தது எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

5. கழுவி, காய வச்சு, ஓட்டி, மேலேந்து கீழ பாருங்க

நூறு பேர்ல தொண்ணூறு பேர் தாண்டிப் போற ஸ்டெப் இதுதான், அதனால கொஞ்சம் நிதானமா.

இன்ஜின் முழுசா ஆறினப்புறம், ராத்திரி நிறுத்தி காலைல பண்ணா நல்லது, டர்போ சுத்தி, அதுக்கு மேல, கீழ எல்லாம் பிரேக் கிளீனர் அடிச்சு பனியன் வேஸ்ட்ல துடைங்க. சூடான எக்ஸாஸ்ட் மேல பிரேக் கிளீனர் அடிச்சா தீ பிடிக்கும், சூடான டர்போ மேல வாட்டர் வாஷ் அடிச்சா காஸ்டிங் விரிசல் விடலாம். சென்சார் கனெக்டர், ஆல்டர்னேட்டர் மேல படாம பாத்துக்கோங்க.

நல்லா காய்ஞ்சப்புறம் சந்தேகப்படற இடத்துல டால்கம் பவுடர லேசா தூவுங்க, எக்ஸாஸ்ட் மேல வேணாம். அப்புறம் ஒரு இருபது நிமிஷம் ஓட்டுங்க, அதுல கொஞ்ச தூரமாவது பூஸ்ட் வர்ற மாதிரி இழுத்து ஓட்டணும், எலக்ட்ரானிக் சிட்டி ஃப்ளைஓவர் மாதிரி காலியான ரோடு கிடைச்சா சரி. நின்ன இடத்துல ஐடிலிங்ல வச்சு பாத்தா ஆயில் பிரஷரும் பூஸ்ட்டும் ஏறாது, லீக் வெளிய வராது, "சரியாயிடுச்சு போல"ன்னு ஏமாந்துடுவீங்க.

திரும்பி வந்து பானெட்ட திறந்து மேலேந்து கீழ பாருங்க. ஆயில் கீழதான் இறங்கும், ஓடற வண்டில காத்து அத பின்னாடி தள்ளும், அதனால மிக உயரமா, மிக முன்னாடி ஈரமா இருக்கற இடம்தான் ஊற்று. டேப்பெட் கவர் (இன்ஜினோட மேல் மூடி) கேஸ்கெட், வேக்குவம் பம்ப், ஆயில் ஃபில்டர் ஹவுசிங், ஆயில் கூலர் ஜாயின்ட், இதுல எது கசிஞ்சாலும் பல இன்ஜின்ல அது நேரா டர்போ மேல வந்து உக்காரும். டேப்பெட் கவர் ஓரம் பவுடர் பழுப்பா நனைஞ்சு, அங்கேந்து ஒரு கோடு இறங்கி டர்போ ஹீட் ஷீல்டு மேல முடியறத பாத்தீங்கன்னா டர்போ நிரபராதி.

அப்பவும் புரியலன்னா ஆயில்ல கலக்கற யூவி டை ஊத்தி, ரெண்டு நாள் ஓட்டி, இருட்டுல யூவி டார்ச் அடிங்க. ஊற்று பச்சையோ மஞ்சளோ பளிச்சுன்னு தெரியும்.

6. ஃபீட் பைப், ட்ரெய்ன் பைப் ஜாயின்ட்

மேலேந்து பிரஷரோட ஆயில் கொண்டு வர்ற ஒல்லியான பைப் ஃபீட். கீழ வடியற தடியான பைப் ட்ரெய்ன். ஃபீட்ல கசிஞ்சா பீச்சி அடிச்ச மாதிரி சுத்தி தெறிச்சிருக்கும், ட்ரெய்ன்ல கசிஞ்சா அடியில மெதுவா தொங்கும் சொட்டா இருக்கும்.

பேஞ்சோ போல்ட்டுக்கு பைப்போட ரெண்டு பக்கமும் ஒவ்வொரு காப்பர் வாஷர். அது ஒரு தடவை நசுங்கி உக்காந்தாதான் அடைக்கும், பழசு ஏற்கனவே நசுங்கினது, அதுக்கு மேல எவ்வளவு முறுக்கினாலும் நிக்காது, போல்ட்தான் உடையும். அந்த போல்ட் நடுவுல ஓட்டை இருக்கற வெத்து போல்ட்டுன்னு ஞாபகம் இருக்கட்டும்.

ட்ரெய்ன் ஃபிளாஞ்ச்ல கேஸ்கெட்தான் போடணும். சிலிக்கான் பேஸ்ட் அப்பற பழக்கம் இங்க வேணவே வேணாம். இறுக்கறப்போ உள்பக்கம் பிதுங்கற பேஸ்ட் காய்ஞ்சு பிஞ்சு வடிகால அடைக்கும், வெளி லீக்க நிறுத்தப் போய் உள் லீக்க நீங்களே உண்டாக்கிடுவீங்க. ஃபீட் பக்கம் பேஸ்ட் போட்டா இன்னும் மோசம், ஒரு துணுக்கு போதும், பேரிங்குக்கு ஆயில் நின்னுடும்.

7. ஏர் ஃபில்டர் பக்க பைப்ப கழட்டி உள்ள பாருங்க

இன்ஜின் ஆஃப், ஆறியிருக்கணும். ஏர் ஃபில்டர்லேந்து டர்போக்கு வர்ற பைப்ப கழட்டுங்க. முதல்ல ஃபில்டரையே பாருங்க, மெட்ரோ வேலை நடக்கற ரோட்டுல தினமும் போற வண்டில அது சொன்ன கிலோமீட்டருக்கு முன்னாடியே மண்ணாயிடும். அடைச்ச ஃபில்டர் இருந்தா கம்ப்ரஸர் பக்கம் உறிஞ்சல் கூடி ஆயில சீல் தாண்டி இழுக்கும்.

இப்ப முக்கியமான கேள்வி: ஈரம் கம்ப்ரஸர் வீலுக்கு முன்னாடியே இருக்கா? இன்ஜினுக்குள்ள சேர்ற ஆவிய வெளிய எடுக்கற ப்ரீதர் ஹோஸ் இந்த பைப்லதான் வந்து சேரும். ப்ரீதர் சேர்ற இடத்துலேந்து ஈரம் ஆரம்பிச்சு டர்போ நோக்கி போகுதுன்னா, அது ப்ரீதர் கொண்டு வந்த ஆயில் ஆவி, டர்போ லீக் இல்ல. பைப் உலர்ந்து வீலுக்கு அப்புறம் மட்டும் ஈரம்னா டர்போ மேல சந்தேகம் நியாயம்.

எவ்வளவு ஈரம் நார்மல்? விரல் வச்சா பளபளன்னு ஒட்டற மெல்லிய படலம் எல்லா டர்போ வண்டிலயும் இருக்கும். இன்டர்கூலரோட அடி ஹோஸ கழட்டறப்போ கிண்ணத்துல ஊத்தற அளவுக்கு கொட்டினா அது நார்மல் இல்ல. நடுவுல இருந்தா துடைச்சு மாட்டி ரெண்டு வாரம் ஓட்டி மறுபடி பாருங்க. சில்க் போர்டு சிக்னல்ல முக்கால் மணி நேரம் ஐடிலிங்ல நிக்கற வண்டில கொஞ்சம் கூடுதலாவே இருக்கும், ஏன்னா ஐடிலிங்ல உள்நோக்கி தள்ள பூஸ்ட் இல்ல.

8. இன்ஜினுக்குள்ள பிரஷர் இருக்கா

இன்ஜின் சூடாகி ஐடிலிங்ல இருக்கப்போ ஆயில் ஊத்தற மூடிய தளர்த்தி அப்படியே மேல வைங்க. லேசா படபடத்தா பரவால்ல, டீசல்ல அது சகஜம். மூடி துள்ளி விழுது, புகை குப்புகுப்புன்னு வருது, இல்ல டிப்ஸ்டிக் தானா மேல எழும்பி வந்திருக்குன்னா உள்ள பிரஷர் ஜாஸ்தி.

டர்போவோட வடிகால் போய் சேர்றது இந்த சம்ப்புக்குத்தான். மொட்டை மாடில மழைத்தண்ணி குழாய் அடைச்சா தண்ணி படிக்கட்டு வழியா வீட்டுக்குள்ள வர்ற மாதிரி, இங்க பிரஷர் எதிர்த்து தள்ளினா டர்போ ஆயில் இறங்க முடியாம ரெண்டு பக்க சீல் வழியாவும் வெளியேறும்.

அதனால முதல்ல ப்ரீதர் ஹோஸ், ஆயில் செப்பரேட்டர் (அந்த ஆவிலேந்து ஆயில பிரிக்கறது), பிசிவி வால்வு (ஆவி போற அளவ கட்டுப்படுத்தறது) சுத்தமா இருக்கான்னு பாருங்க, கசடு பிடிச்சிருந்தா மாத்துங்க. டர்போ பெட்ரோல்ல பிசிவி வழியில ஒரு ஒருவழி வால்வு இருக்கும், அது பழுதானா பூஸ்ட் காத்து நேரா இன்ஜினுக்குள்ள இறங்கும். இதெல்லாம் சரியா இருந்தும் பிரஷர் குறையலன்னா பிஸ்டன் ரிங் தேய்மானம், கம்ப்ரஷன் டெஸ்ட் பண்ணுங்க. அந்த இன்ஜினுக்கு புது டர்போ வாங்கறது வீண் செலவு.

9. ட்ரெய்ன் பைப் உள்ள, ஃபீட் பைப் உள்ள

ட்ரெய்ன கழட்டி ஒரு முனையிலேந்து டார்ச் அடிச்சு இன்னொரு முனையில பாருங்க, வளைவா இருந்தா எண்டோஸ்கோப் விடுங்க. ஆயில் உள்ள வர்றது பிரஷரோட, வெளிய வர்றது காத்து கலந்து நுரையா, வெறும் எடையால மட்டும். அதனாலதான் ட்ரெய்ன் தடியா இருக்கு, பாதி அடைச்சாலும் பிரச்சனை. ரப்பர் ஹோஸா இருந்தா உள்சுவர் ஊதிப்போய் சுருங்கியிருக்கும், வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. வழியில பள்ளமா தொங்கவும் கூடாது, எங்கயும் மடங்கவும் கூடாது.

ஃபீட் பைப்புல வர்ற பிரச்சனை கரி. சேலத்துலேந்து திரும்பி வரப்போ தொப்பூர் ஏத்தத்த முழு லோடுல ஏறிட்டு, மேல வந்த உடனே டீக்கடைல நிறுத்தி சாவிய ஆஃப் பண்ணா, ஓட்டம் நின்ன ஆயில் அந்த சூட்டுல வெந்து கரியா ஒட்டும். ஒரு நிமிஷம் ஐடிலிங் விட்டு நிறுத்தினா போதும். கரி பிடிச்ச ஃபீட் பைப்ப கம்பி விட்டு குத்தி சுத்தம் பண்ணாதீங்க, மிச்சம் இருக்கற துணுக்கு அடுத்து பேரிங்குக்குத்தான் போகும். புதுசு போடுங்க.

10. ஷாஃப்ட் ஆட்டம்

இப்பத்தான் டர்போவையே தொடறோம். இன்ஜின் ஆஃப், ஆறியிருக்கணும், சாவி உங்க பாக்கெட்ல இருக்கணும், ஏன்னா வீல் பக்கம் விரல் போகப்போகுது.

7ல கழட்டின பைப் வழியா தெரியற கம்ப்ரஸர் வீலோட நடு நட்ட ரெண்டு விரல்ல பிடிச்சு மேல கீழ ஆட்டுங்க. கொஞ்சம் ஆடும், ஆடணும். ஷாஃப்ட் ஆயில் படலத்து மேல மிதந்து ஓடற மாதிரிதான் பெரும்பாலான டர்போ செஞ்சிருக்காங்க, நிறுத்தி வச்சப்போ அந்த படலம் வடிஞ்சிருக்கும். புதுசா பாக்கறவங்க இந்த ஆட்டத்த பாத்துதான் பயந்து டர்போ ஆர்டர் போட்டுடறாங்க. அழுத்தி ஒதுக்கினப்போ பிளேடு ஹவுசிங்ல இடிக்குதா, அதுதான் கேள்வி. ஒதுக்கிப் பிடிச்சுக்கிட்டே சுத்திப் பாருங்க, உரசினா போச்சு.

அடுத்து முன்ன பின்ன இழுத்து தள்ளுங்க. இதுல கைக்கு தெரியற அளவு ஆட்டம் இருக்கவே கூடாது, டொக் டொக்னு தெரிஞ்சா ஷாஃப்ட் முன்ன பின்ன நகராம பிடிக்கற த்ரஸ்ட் பேரிங் போயிடுச்சு. பிளேடு நுனி மழுங்கியிருக்கா, ஹவுசிங் சுவர்ல வட்டமா பளபளப்பு கீறல் இருக்கான்னும் டார்ச் அடிச்சு பாருங்க.

11. எக்ஸாஸ்ட் பக்கம்

டர்போக்கு பின்னாடி இருக்கற பைப்ப இறக்கி டர்பைன் வீல பாருங்க. வெளிய வர்ற பக்கம் ஈரக்கரி, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம், அதாவது டர்போக்கு முன்னாடி, காய்ஞ்ச கரின்னா ஆயில் டர்போலேந்துதான் வருது. மேனிஃபோல்டே ஈரமா இருந்தா அது இன்ஜின்லேந்து வர்ற ஆயில், வால்வு சீலோ ரிங்கோ. இங்க போல்ட்டெல்லாம் துருப்பிடிச்சு உடையற ரகம், முந்தின நாள் ராத்திரியே துரு எண்ணெய் அடிச்சு வைங்க. தைரியம் இல்லன்னா இந்த ஒரு ஸ்டெப்ப மட்டும் கேரேஜ்ல விட்டு, கழட்டறப்போ கூட நின்னு ஃபோட்டோ எடுத்துக்கோங்க.

12. மாத்தித்தான் ஆகணும்னா

ஆட்டம் இடிக்குது, இல்ல முன்ன பின்ன ஆடுது, இல்ல 3லேந்து 9 வரைக்கும் எல்லாம் சரியா இருந்தும் வீலுக்கு அப்புறம் ஆயில் கொட்டுது: டர்போ போயிடுச்சு. ஆட்டமே இல்ல, ஆனா ஆயில் வருதுன்னா 8, 9 ரெண்டையும் மறுபடி பாருங்க, பெரும்பாலும் அங்கதான் இருக்கும்.

புதுசு மாட்டறப்போ ஆயில், ஃபில்டர், ஃபீட் பைப் மூணும் புதுசு. இன்டர்கூலர கழட்டி உள்ள தேங்கின ஆயில முழுசா வடிச்சு கழுவுங்க, டீசல்ல அத விட்டா முதல் தடவை இழுத்து ஓட்டறப்போ மொத்தமா இன்ஜினுக்குள்ள போய் 1ல சொன்னது நடக்கும். பழைய பிளேடு உடைஞ்சிருந்தா அதோட துண்டும் இன்டர்கூலர்லதான் கிடக்கும்.

மாட்டறதுக்கு முன்னாடி டர்போவோட ஃபீட் ஓட்டைல சுத்தமான ஆயில ஊத்தி வீல கையால சுத்துங்க. நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல போற ஷாஃப்ட், காய்ஞ்ச பேரிங்ல முதல் சில வினாடி ஓடினாலே கீறல் விழும். ஸ்டார்ட் ஆனப்புறம் ரேஸ் பண்ணாம ரெண்டு மூணு நிமிஷம் ஐடிலிங்ல விடுங்க, அந்த நேரத்துல டார்ச் அடிச்சு ஃபீட், ட்ரெய்ன் ரெண்டு ஜாயின்ட்டையும் பாத்துக்கோங்க.

வேலை முடிஞ்சும் கொஞ்ச நாள் நீலப்புகை வரும், சைலன்ஸருக்குள்ள ஊறின பழைய ஆயில் எரிஞ்சு தீர நேரமாகும், அதுக்குள்ள கேரேஜ்காரர்கிட்ட சண்டைக்கு போகாதீங்க. ராத்திரி பார்க்கிங்ல அடியில ஒரு அட்டைய விரிச்சு வைங்க, வாரம் ஒரு தடவை டிப்ஸ்டிக் அளவ ஃபோட்டோ எடுத்து வைங்க. ஒரு மாசம் கழிச்சு அந்த ஃபோட்டோவுல லெவல் இறங்கியிருந்தா மறுபடி 7லேந்து.